பாலைவனத்தில் டவர் எடுக்குமா? ஆர்வி பயணத்துக்கு இடம் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களுக்கு ஆர்வி என்னும் வீட்டுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஃபோன் சிக்னலைக் கூட்ட எந்த பூஸ்டர் வாங்கலாம்?" அடுத்தது, "செயற்கைக்கோள் டிஷ் வச்சுட்டா எங்க வேணும்னாலும் நெட் வருமாமே?" எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "அதை அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்பார்கள்.

எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. பாலைவனத்தில் இணையம் வருமா வராதா என்பதில் முக்கால்வாசியை வண்டி நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது. கருவிகளுக்கு மிஞ்சுவது கால்வாசிதான். நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜனவரி மாதம் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் வண்டியைப் போட்டிருந்தோம். ஃபோனில் நாலு கோடும் முழுசாக நின்றது. அந்தத் தைரியத்தில் காலை 10 மணி அலுவலக மீட்டிங்கில் உட்கார்ந்தேன். பாதிக் கொட்டாவியோடு என் முகம் திரையில் உறைந்து நின்றதாக அப்புறம் சொன்னார்கள். மறுநாள் ஊரைவிட்டுப் பத்து மைல் வடக்கே தள்ளிப் போனோம். இரண்டே கோடு. ஒரு மணி நேர மீட்டிங் ஒருமுறைகூட அறுபடவில்லை.

நாலு கோட்டில் வராதது இரண்டு கோட்டில் எப்படி வந்தது? இதற்குப் பதில் தெரிந்தால் இடம் பார்ப்பது, பூஸ்டர், டிஷ் எல்லாமே தெளிவாகிவிடும். முதலில் இடத்திலிருந்து தொடங்குவோம்.

லாட்ஜ், சத்திரம், தோப்பு

ஆர்வி என்பது வீட்டைச் சக்கரத்தில் ஏற்றிய வண்டி. எஞ்சினும் வீடும் ஒன்றாகவே இருந்தால் மோட்டார்ஹோம். பிக்கப் வண்டி கட்டி இழுத்துப் போவது டிரெய்லர். உள்ளே அடுப்பு, படுக்கை, கழிப்பறை இருக்கும். அடியில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சேர ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. எத்தனை நாள் ஓரிடத்தில் தாக்குப்பிடிக்கலாம் என்பது இந்த மூன்று தொட்டிகளையும் பேட்டரியையும் பொறுத்தது.

ஊர்ப்பக்கம் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தங்கும் விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜில் அறை எடுத்தால் தண்ணீர், கரண்ட், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. சத்திரத்தில் படுக்க இடம் உண்டு, குழாயும் கழிப்பறையும் பொது. மாட்டுவண்டி கட்டிப் போன காலத்தில் மூன்றாவது வழியும் இருந்தது: ஊருக்கு வெளியே தோப்பில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார்கள். ஆர்வி முகாம்களும் இதே மூன்று வகைதான்.

லாட்ஜுக்குச் சமம், தனியார் ஆர்வி பார்க். வண்டி நிற்கும் இடத்துக்கே மின்சாரம், தண்ணீர், சாக்கடை மூன்றும் குழாயும் கம்பியுமாக வந்து இணைவதற்குப் பெயர் ஹூக்கப். ஏசி ஓட வேண்டும், சின்னக் குழந்தை இருக்கிறது, கூடவே வயதானவர்கள் என்றால் கூச்சப்படாமல் இதையே எடுங்கள்.

சத்திரம் என்றால் தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் உள்ள முகாம்கள். எண் போட்ட இடம், மேசை, அடுப்புக்கல், பொதுக் கழிப்பறை. இங்கே ஹூக்கப் அபூர்வம். கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் சுமார் 500 முகாம் இடங்கள் இருந்தும் ஒன்றில்கூடக் கிடையாது. அதே மாநிலத்தின் டெத் வேலி தேசியப் பூங்கா நடத்தும் முகாம்களில் ஃபர்னஸ் கிரீக்கில் மட்டும், அதுவும் 18 இடங்களில்தான் உண்டு. அவை எப்போதோ முன்பதிவாகியிருக்கும்.

தோப்புக்குச் சமமானது பொது நிலம். பிஎல்எம் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் கூட்டரசின் நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில். பல இடங்களில் காசு கொடுக்காமல் தங்கலாம். தண்ணீர், கரண்ட், குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. இப்படித் தங்குவதை பூண்டாக்கிங் என்கிறார்கள். "பிஎல்எம் நிலம்னா எங்க வேணா நிறுத்தலாம்" என்பது பாதி உண்மை. பொதுவான விதி, 28 நாளில் 14 நாள் வரை ஓரிடத்தில் தங்கலாம், அப்புறம் கிளம்ப வேண்டும். சில பகுதிகள் மூடியிருக்கும்; ஏற்கெனவே வண்டி நின்ற தடம் உள்ள இடத்தில்தான் நிறுத்த வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தங்க நினைப்பவர்களுக்காக குவார்ட்ஸைட் பக்கத்தில் லா போஸா என்ற நீண்டகால முகாம் பகுதியைத் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே கட்டணச் சீட்டு வாங்கித் தங்கலாம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வசதி குறையக் குறையக் கூட்டமும் செலவும் குறையும். உங்கள் தொட்டியும் பேட்டரியும் பேசத் தொடங்கும். இணையத்துக்கும் கூட்டத்துக்கும் என்ன தொடர்பு என்பது அடுத்தது.

கோடு எதைச் சொல்கிறது?

ஃபோனில் தெரியும் கோடு, டவரின் குரல் உங்கள் ஃபோனுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்த டவர் உங்களோடு பேச ஓய்வாக இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை.

ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிறவரின் குரல் வாசல் வரை கணீரென்று கேட்கும். அதனால் உங்களுக்குச் சீக்கிரம் சர்க்கரை கிடைத்துவிடுமா? முன்னால் நிற்கும் வரிசையைப் பொறுத்தது. குவார்ட்ஸைட்டில் 2020 கணக்கெடுப்பின்படி நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர். ஜனவரியில் ஆர்வி கண்காட்சி நடக்கும்போது பல்லாயிரக்கணக்கானோர் வண்டிகளோடு வந்து குவிகிறார்கள். சின்ன ஊருக்குப் போட்ட டவர்கள் அத்தனை பேருக்கும் பங்கு வைக்க வேண்டும். என் நாலு கோட்டுக் கதை அதுதான். குரல் கணீர், வரிசை தெருக்கோடி வரை.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. உங்கள் மாதத் திட்டத்தில் "வரம்பற்ற டேட்டா" என்று போட்டிருந்தாலும், ஒரு அளவுக்கு மேல் போனதும் கூட்ட நேரத்தில் உங்களை வரிசையின் பின்னால் தள்ளும் விதி பல திட்டங்களில் இருக்கிறது. இதை முன்னுரிமைக் குறைப்பு என்று சொல்லலாம். கூட்டமில்லாத இடத்தில் இது தெரியவே தெரியாது. ஃபோனிலிருந்து மடிக்கணினிக்கு இணையம் கொடுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கோ தனி வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர்ந்துதான் போகும். கிளம்புமுன் திட்டத்தின் சின்ன எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆர்வி பார்க்கின் இலவச வைஃபையும் இதே குழப்பம்தான். வைஃபை கோடு முழுசாக இருந்தால், உங்கள் வண்டிக்கும் அந்தப் பார்க்கின் பெட்டிக்கும் நடுவில் எல்லாம் நலம் என்று பொருள். பெட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு இணைய இணைப்பை நூறு வண்டிகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கலாம். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்க உட்காரும்போது போய்ப் பாருங்கள், தெரியும்.

மொட்டை மாடி இயற்பியல்

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு மாலையில் ஃபோன் சுத்தமாக எடுக்கவில்லை. நான் அமைப்புகளுக்குள் போய் எதையோ நோண்டிக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "டவர் எடுக்கலைன்னா மொட்டை மாடிக்குப் போவோமேடா, இங்க அந்த மேட்டுல ஏறிப் பாரேன்" என்றார். ஏறினேன். இருபதடி உயரம்கூட இருக்காது. வந்துவிட்டது.

ஃபோன் அலை கிட்டத்தட்ட வெளிச்சம் போல நேர்கோட்டில் போகிறது. டவரும் ஃபோனும் ஒன்றையொன்று "பார்க்க" முடிந்தால் வேலை சுலபம். இதற்கு நேர்பார்வை என்று பெயர். பூமி உருண்டை என்பதால் இதற்கும் எல்லை உண்டு: 60 மீட்டர் உயர டவரின் உச்சியிலிருந்து சமவெளியில் தொடுவானம் சுமார் 28 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. டவரை மலைமேல் வைத்தால் இன்னும் வெகுதூரம். ஆனால் நடுவில் ஒரு குன்று வந்தால் ஐந்து கிலோமீட்டரிலேயே ஆட்டம் முடிந்தது. குன்றின் அந்தப் பக்கம் அலைக்கு நிழல்.

தென்மேற்குப் பாலைவனம் என்றதும் தட்டையான மணல்வெளியை நினைப்போம். உண்மையில் அது மலைத்தொடர், பள்ளத்தாக்கு, மலைத்தொடர், பள்ளத்தாக்கு என்று மாறி மாறி வரும் நிலம். டெத் வேலியின் பேட்வாட்டர் கடல்மட்டத்துக்குக் கீழே 282 அடி. அங்கே நின்று மேற்கே பார்த்தால் டெலஸ்கோப் சிகரம் 11,049 அடியில் நிற்கிறது. கிழக்குப் பக்கமும் மலைச்சுவர். கிணற்றுக்குள் நிற்பது மாதிரி. வெளியில் உள்ள டவர்களின் குரல் உள்ளே விழாது. பள்ளத்தாக்குக்குள் வைத்திருப்பதை நம்பித்தான் இருக்க வேண்டும்.

அலைகளிலும் இரண்டு ரகம் உண்டு. ஊர்வலம் இரண்டு தெரு தள்ளி வரும்போதே மேளத்தின் 'திம்' காதில் விழுந்துவிடும். ஜால்ரா கேட்க ஊர்வலம் பக்கத்தில் வர வேண்டும். ரேடியோ அலையிலும் அப்படித்தான். ஒரு விநாடிக்கு அலை எத்தனை முறை அதிர்கிறது என்பதே அலைவரிசை. 600, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் போகும், மேடு பள்ளத்தைக் கொஞ்சம் சமாளிக்கும், ஆனால் சுமக்கும் டேட்டா குறைவு. 2,500 அல்லது 3,700 மெகாஹெர்ட்ஸ் நிறையச் சுமக்கும், தூரம் போகாது. பாலைவனத்தில் உங்களை எட்டுவது பெரும்பாலும் முதல் ரகம்தான். திரையில் '5ஜி' என்று போட்டிருக்கிறதே என்று நகரத்து வேகத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். அந்த எழுத்து தொழில்நுட்பத்தின் பெயர். அதுவே வேகத்துக்கு வாக்குறுதி ஆகாது.

இதையெல்லாம் நிலத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. பாலைவனத்தில் வாஷ் என்று அழைப்பது காய்ந்த ஓடைப்படுகை. மணல் மெத்தென்று இருக்கும், காற்றுக்கு ஒதுக்கு, வண்டி நிறுத்த ஆசையாக இருக்கும். நம்மூர்க் காட்டாறு மாதிரி, இங்கே வானம் வெளுத்திருக்க, முப்பது மைல் தள்ளி மலையில் பெய்த மழை அதில் திடீரென்று இறங்கி வரும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் இது நிஜமான உயிராபத்து. வாஷ் பள்ளத்தில் இருப்பதால் டவரும் எடுக்காது. மலையடிவாரத்தில் சரளைக்கல் விசிறி போலப் பரவிச் சரியும் மேடான நிலமோ, வெள்ளத்துக்குத் தப்பவும் நல்லது, டவருக்கும் நல்லது, காலைக் காட்சிக்கும் நல்லது. அந்தச் சரிவையும் குறுக்கே சின்னச் சின்ன வாஷ்கள் அறுத்துக்கொண்டு போகும்; அவற்றுக்கு நடுவில் உள்ள மேட்டில் நிறுத்துங்கள். வெள்ளம் வரும் இடம் சிக்னலுக்கும் ஆகாது என்று நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சுருக்கமாக: கோடு என்பது சத்தம். வேகம் என்பது சத்தமும் வரிசையும் சேர்ந்தது. சத்தத்தைக் கொடுப்பது உயரமும் நேர்பார்வையும். வரிசையைக் குறைப்பது கூட்டத்தைவிட்டுத் தள்ளி இருப்பது.

பூஸ்டர்: கார்ப்பரேஷன் குழாயில் மோட்டார்

பூஸ்டர் என்றால் வெளியே ஒரு ஆண்டெனா, நடுவில் சத்தத்தைக் கூட்டும் பெட்டி, வண்டிக்குள்ளே இன்னொரு ஆண்டெனா. வெளியே மெலிதாகக் கேட்கும் டவரின் குரலைப் பெருக்கி உள்ளே சொல்லும். உங்கள் ஃபோனின் குரலைப் பெருக்கி வெளியே சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

தெருக்குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும்போது வீட்டில் மோட்டார் போட்டு இழுப்பார்களே, அது மாதிரி. குழாயில் தண்ணீர் இருந்தால் மோட்டார் இழுக்கும். தண்ணீரே வராத நாளில் வெறும் காற்றை இழுத்துச் சூடாகும். எடுக்காத டவரை எந்த பூஸ்டரும் எடுக்க வைக்காது. தெருவே வரிசையில் நிற்கிற நாளிலும் அதனால் பயனில்லை, ஏனென்றால் குறை சத்தத்தில் இல்லை.

எவ்வளவு பெருக்கும் என்பதை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். மூன்று டெசிபல் கூடினால் இரு மடங்கு, பத்து கூடினால் பத்து மடங்கு, முப்பது கூடினால் ஆயிரம் மடங்கு. ஓடும் வண்டியில் வைக்கும் பூஸ்டருக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 50 டெசிபல். அதாவது ஒரு லட்சம் மடங்கு. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கி முன்னால் கொண்டுபோனால் 'கீ...' என்று அலறுமே, அதே விபத்து இங்கேயும் நடக்கும். வெளி ஆண்டெனாவும் உள் ஆண்டெனாவும் கிட்டக்கிட்ட இருந்தால் ஒன்று சொன்னதை இன்னொன்று வாங்கித் திரும்பப் பெருக்கும். இதைத் தடுக்க பூஸ்டர் தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இருபத்தைந்து அடி வண்டியில் இரண்டையும் எவ்வளவு தள்ளி வைத்துவிட முடியும்? அதனால்தான் பெட்டியில் போட்டிருக்கும் எண் கைக்கு வருவதில்லை.

பூஸ்டர் உண்மையிலேயே கைகொடுக்கும் ஒரு இடம் உண்டு. சில டிரெய்லர்களுக்கு உடம்பு முழுக்க அலுமினியம். வெளியே நின்றால் பேசலாம், உள்ளே வந்தால் அறுந்துபோகும். அந்தச் சுவரைத் தாண்டிக் குரலை உள்ளே கொண்டுவர பூஸ்டர் நல்ல பாலம். மற்றபடி, காசைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது நிறுவனத்தின் சிம் ஒன்று வாங்குங்கள் என்பேன். ஒரு மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் டவர், அந்தப் பக்கம் இன்னொருவர் டவர் என்பதுதான் பாலைவனத்தின் நடப்பு.

டிஷ்: வானத்திலிருந்து வரும் இணையம்

டவர் பக்கவாட்டில் பேசுகிறது, மலை மறைக்கிறது. சரி, தலைக்கு நேர் மேலிருந்து பேசினால்? செயற்கைக்கோள் இணையத்தின் அடிப்படை இதுதான்.

பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றி, வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மேலே போய்க் கீழே இறங்க, ஒளியின் வேகத்தில் போனாலும் அரை விநாடி ஆகிவிடும். பேச்சில் ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவார். இந்தத் தாமதத்துக்குப் பெயர் லேட்டன்சி. ஸ்டார்லிங்க் போன்ற புதிய வகையில் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரிலேயே பறக்கின்றன. தூரம் குறைந்ததும் தாமதம் விநாடியில் சிறு பங்காகிவிடுகிறது. ஆனால் அவ்வளவு தாழப் பறப்பது ஒரே இடத்தில் நிற்க முடியாது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பூமியையே சுற்றிவிடும். அதனால் உங்கள் டிஷ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கிறது. ஒன்று மறையுமுன் அடுத்ததைப் பிடிக்க வேண்டும்.

இதனால்தான் "எங்க வேணும்னாலும் வரும்" என்பது தப்பு. குடையைத் தலைகீழாக விரித்து வைத்த மாதிரி அகலமான வானம் டிஷ்ஷுக்கு வேண்டும். அந்தக் குடைக்குள் ஒரு மரக்கிளையோ பாறைச்சுவரோ நீட்டிக்கொண்டிருந்தால், செயற்கைக்கோள் அதன் பின்னால் போகும் ஒவ்வொரு தடவையும் சில விநாடி இணைப்பு அறும். படம் பார்க்கும்போது தெரியாது, மீட்டிங்கில் உயிரை வாங்கும். இந்தப் பாலைவனங்கள் இருக்கும் அட்சரேகையிலிருந்து பார்த்தால் வட வானத்தில்தான் செயற்கைக்கோள்கள் நெருக்கமாக இருக்கும். ஆகவே வடக்கு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறுகிய பள்ளத்தாக்குகளில் டவரும் தோற்கும், டிஷ்ஷும் தோற்கும்.

வேடிக்கை என்னவென்றால், மனிதருக்கு நல்ல இடமும் டிஷ்ஷுக்கு நல்ல இடமும் எதிரெதிர். டெத் வேலியில் சன்செட் முகாம் வெறும் சரளைக்கல் மைதானம். மர நிழல் தேடுகிறவர்கள் அதை எடுக்கத் தயங்குவார்கள், டிஷ்ஷுக்கோ சொர்க்கம். நிழலில் வண்டியை நிறுத்திக் கம்பியை நீட்டி டிஷ்ஷை வெயிலில் வைக்கலாம். ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்கு நிறுவனம் சொல்லும் வெப்ப எல்லை 50 டிகிரி செல்சியஸ். டெத் வேலியின் கோடை அதைத் தொட்டுப் பார்க்கும். அந்த மாதங்களில் அங்கே ஆர்வியோடு போகவே போகாதீர்கள். சில வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே தடை போட்டிருக்கும்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். டிஷ் சராசரியாக 75 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு 600 வாட்-மணி, நாள் முழுக்க ஓட விட்டால் 1,800. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 1,280 வாட்-மணி. அதில்தான் தண்ணீர் பம்பும் விளக்கும் ஹீட்டர் விசிறியும் ஓட வேண்டும். இரவில் டிஷ்ஷை அணைக்க மறந்தால் காலையில் காபிக்கே திண்டாட்டம். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். ஜோஷுவா ட்ரீயில் அதற்குக் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான் அனுமதி.

இதன் சாரம்: பூஸ்டர் இருப்பதைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. டிஷ் டவரை நம்பாது, வானத்தையும் பேட்டரியையும் நம்பும்.

வண்டியை இறக்குமுன் பத்து நிமிடம்

இடம் பார்ப்பது வீட்டிலேயே தொடங்குகிறது. தொலைபேசி நிறுவனங்களின் வரைபடத்தில் வண்ணம் பூசியிருப்பது பெரும்பாலும் கணினி போட்ட கணிப்பு, ஆள் போய் அளந்தது அல்ல. அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு, நிலத்தின் உயர வேறுபாட்டைக் காட்டும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலை தெரியும் சரிவு, சின்ன ஊரிலிருந்து எட்டுப் பத்து மைல், நடுவில் குன்று இல்லை: நான் தேடுவது இதைத்தான். நெடுஞ்சாலைகளை ஒட்டித்தான் டவர்களை நட்டிருப்பார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். சமன்படுத்தும் பலகைகளைச் சக்கரத்தின் அடியில் போட்டு, நாற்காலிகளை விரித்து, பாயைப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் டவர் எடுக்கவில்லை என்றால் மறுபடி எல்லாவற்றையும் சுருட்ட யாருக்கும் மனசு வராது. அதனால் எங்கள் வண்டியில் ஒரு சட்டம்: பலகை இறங்குமுன் நான் ஃபோனோடு இறங்குவேன். ஃபோனைப் பறக்கும் நிலைக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவந்தால், போன ஊரின் டவரை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடும். கோட்டைப் பார்க்காமல், ஃபோனின் சோதனைத் திரையில் டிபிஎம் என்று வரும், சிக்னலின் பலத்தைச் சொல்லும் எண்ணைப் பார்ப்பேன். அது எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வர நல்லது. கழித்தல் 85 என்றால் சந்தோஷம், 100 என்றால் சமாளிக்கலாம், 115 என்றால் குறுஞ்செய்தி மட்டும். கோடு எத்தனை காட்டுவது என்பதை ஒவ்வொரு ஃபோன் நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. இந்த எண்ணில் அந்த விளையாட்டு இல்லை.

அப்புறம் ஒரு வேகச் சோதனை. அதில் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகாதீர்கள். வீடியோ மீட்டிங்கில் நம் முகம் போவது பதிவேற்ற வழியில். பாலைவனத்தில் முதலில் சாவதும் அதுதான். கடைசியாக வடக்கே திரும்பி நின்று கையை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தைப் பார்ப்பேன். அப்பா இதைப் பார்த்துவிட்டு, "என்னடா, வடக்குப் பார்த்து வாஸ்துவா?" என்றார். கிட்டத்தட்ட.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை (நவஹோ பழங்குடி நிலம் விதிவிலக்கு). அதனால் கோடையில் கலிஃபோர்னியாவும் அரிசோனாவும் ஒரே நேரம். குளிர்காலத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். அப்போது இரண்டுக்கும் எல்லையான கொலராடோ ஆற்றங்கரையில் முகாமிட்டால் ஃபோன் அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிடலாம். தானாக நேரம் மாற்றுவதை அணைத்து வையுங்கள்.

எதுவுமே எடுக்காத இடத்தில்

டவர் இல்லாவிட்டால் வரைபடமும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோனில் உள்ள ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் குரலைக் கேட்டுக் கணக்குப் போடுவது; அதற்கு டவர் தேவையில்லை. படமாக வரும் வரைபடத்துக்குத்தான் இணையம் வேண்டும். அதை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நடுப் பாலைவனத்திலும் நீலப் புள்ளி உங்களோடு நகரும்.

அவசர உதவிக்கு 911. உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும், எட்டக்கூடிய எந்த நிறுவனத்தின் டவரும் அந்த அழைப்பை எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆகவே கோடு இல்லை என்று கைவிடாமல் அடித்துப் பாருங்கள். எந்த டவருமே இல்லையென்றால் வானம்தான். 2022-ல் வந்த ஐஃபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி ஃபோனிலேயே இருக்கிறது. சாதாரண ஃபோனிலிருந்தே செயற்கைக்கோள் மூலம் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையும் 2025-ல் அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. ஐஃபோன் வசதிக்கு வானம் திறந்த இடத்தில் நின்று, ஃபோனை அது காட்டும் திசையில் பிடித்துப் பொறுமையாக இருக்க வேண்டும். இதை வீட்டு வாசலில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். சோதித்துப் பார்க்கும் வசதியை ஐஃபோனிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

உதவி வர மணிக்கணக்காகலாம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது சுமார் நான்கு லிட்டர் குடிதண்ணீரை வண்டித் தொட்டியில் உள்ளதோடு சேர்க்காமல் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் ஊரில் இருக்கும் ஒருவருக்கு நாலு விஷயம் அனுப்பிவிடுங்கள்: வண்டி எண், எந்தச் சாலை, எந்த இரவு எங்கே, எத்தனை மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். நான் ஒருமுறை மாலை ஆறு மணி என்று சொல்லிவிட்டு, சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு மேட்டில் ஏற மறந்து, ஏழே முக்காலுக்கு ஏறியபோது ஃபோனில் பதினாலு தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. பதினாலும் அம்மா.